வெண்புள்ளி வைத்தியம்: களிம்பா, லைட்டா, மாத்திரையா?

"வெண்புள்ளிக்கு நல்ல மருந்து எது?" வடசென்னை தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவனிடம் இந்தக் கேள்வி ஓயாமல் வரும். நான் சொல்லும் பதில் கேட்பவருக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. எந்த மருந்து பலமானது என்று தேடுவதைவிட, ஒரு வருஷம் விடாமல் செய்ய எந்த வைத்தியம் உங்களுக்குத் தோதுப்படும் என்று பாருங்கள் என்பேன். மூன்று மாதத்தில் நிறுத்திவிட்ட நல்ல வைத்தியத்தைவிட, தொடர்ந்து செய்த சுமாரான வைத்தியம் அதிக நிறத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில், வந்திருப்பது வெண்புள்ளிதானா என்று தெரிய வேண்டும். கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் வெளிறி, சுரண்டினால் செதில் உதிர்கிற தேமல் பூஞ்சையால் வருவது. வியர்த்து வழிகிற நம்ம ஊரில் அது சர்வசாதாரணம். சில வார மருந்தில் பூஞ்சை அடங்கிவிடும், நிறம் திரும்பத்தான் கூடுதலாகச் சில மாதங்கள் ஆகும். பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டுக்குப் பூச்சி மாத்திரை கேட்டு வருகிறார்கள். அது பெரும்பாலும் வறண்ட தோலால் வருவது, பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. திட்டில் தொட்டால் உணர்ச்சி மழுங்கியிருந்தால் தள்ளிப்போடாமல் தொழுநோய்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்கு மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும். வெண்புள்ளியில் உணர்ச்சி குறையாது, செதிலும் இருக்காது, வெள்ளை மட்டும் பளிச்சென்று இருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறமி செல்களைத் தாக்குவதால் வருவது என்பதால் ஒட்டவும் ஒட்டாது.

இன்னொரு வகையும் உண்டு. ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும், சரியாக அந்த வட்டத்தில் வெளுத்திருக்கும். சில பொட்டுகளின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி ப்யூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் நிறமி செல்லைக் கொல்லும். ரப்பர் செருப்பின் வார் படும் இடத்தில் பாதத்தில் அச்சு அசலாக வெளுப்பதும், ஹேர் டை படும் நெற்றியோரம் வெளுப்பதும் இதே கதைதான். இவர்களுக்கு முதல் வைத்தியம் அந்தப் பொருளை நிறுத்துவது. பொட்டை மாற்றாமல் அதன் கீழே களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, வெண்புள்ளி என்று தோல் மருத்துவர் உறுதி செய்துவிட்டார், தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்தாகிவிட்டது (இந்த நோயோடு தைராய்டுக் கோளாறு சேர்ந்து வருவது சகஜம்). இனி வைத்தியத்தை ஒப்பிடும் முன் உங்கள் உடம்பைப் பற்றி இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

முதலாவது, பரவுகிறதா, நின்றுவிட்டதா. மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். திட்டின் ஓரத்தைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் புதுப் புள்ளிகள் வந்தாலும், அடிபட்ட இடம், சிராய்த்த இடம், பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு வெளுத்தாலும் நோய் விறுவிறுப்பாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது நிறத்தைத் திருப்புவதைவிடப் பரவலை நிறுத்துவது அவசரம்.

இரண்டாவது, எந்த இடம். நிறம் திரும்புவது பெரும்பாலும் முடியின் வேரிலிருந்துதான். அங்கே பதுங்கியிருக்கும் நிறமி செல்கள் மேலே ஏறி வந்து, வெள்ளைத் திட்டுக்குள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். விரல் நுனியிலும் உதட்டிலும் முடி கிடையாது. திட்டில் இருக்கும் முடியே வெளுத்திருந்தாலும் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். லைட் சிகிச்சை (தோலில் புற ஊதா ஒளியைக் காட்டுவது) பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் ஒரு தொகுப்பு வந்தது. ஆறு மாதமாவது லைட் எடுத்தவர்களில், முக்கால்வாசிக்கு மேல் நிறம் திரும்பியது முகம், கழுத்தில் 44 சதவீதம் பேருக்கு, உடற்பகுதியில் 26, கை காலில் 17, விரல்கள் அடங்கிய கைப்பாதம், கால்பாதத்தில் பூஜ்யம். வைத்தியம் தொடங்கும் முன்னே இந்த எண்களை யாராவது சொல்லிவிட்டால் எத்தனையோ மனக்கசப்பு மிச்சமாகும்.

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் எங்கள் வாடிக்கையாளர். வாயைச் சுற்றிக் கொஞ்சம், பத்து விரல் நுனியிலும் கொஞ்சம். அவருக்கு முகத்தைப் பற்றிக் கவலை குறைவு. "புடவைய விரிச்சுக் காட்டுறப்ப எல்லாரும் என் கையத்தாண்ணா பாக்குறாங்க" என்றார். புடவை மடிப்பைப் பிரிக்கும்போதே விரல் நுனிகளை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது, பணம் கொடுக்கும்போது கூட அப்படித்தான். அவர் மருத்துவர் எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது: முகத்துக்குக் களிம்பும் லைட்டும், விரலுக்கு வேலை நேரத்தில் மட்டும் நிறம் மறைக்கும் பூச்சு, விரல் மாறவில்லை என்று லைட்டை எடைபோட வேண்டாம்.

லைட் எங்கே எடுப்பது

உடம்பில் பரவலாக வந்த வெண்புள்ளிக்கு இன்றைக்கும் முதல் வரிசையில் இருப்பது நேரோ பேண்ட் யு.வி.பி. எனும் புற ஊதா ஒளி. அலைநீளம் 311 நானோமீட்டர் அளவில். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் கிடையாது. சில நொடியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். மறுநாள் திட்டு லேசாகச் சிவந்து ஒரு நாளில் தணிந்தால் அளவு சரி. எரிந்து கொப்புளித்தால் அதிகம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் பார்வையில் கொடுக்கக்கூடியது என்பது இதன் பெரிய பலம். பலன் இருக்கிறதா இல்லையா என்று ஆறு மாதத்துக்கு முன்னால் தீர்ப்பு எழுதக் கூடாது. நான் மேலே சொன்ன தொகுப்பிலேயே, முக்கால்வாசி நிறம் திரும்பியவர்கள் ஆறு மாதத்தில் 19 சதவீதம், ஒரு வருஷத்தில் 36 சதவீதம். பாதியில் விட்டவர்கள் இழப்பது அந்த இரண்டாவது ஆறு மாதத்தைத்தான்.

ஆக, லைட் எடுப்பது என்று ஆன பிறகு வேலை செய்யுமா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. வருஷத்தில் நூறு முறை போய் வர முடியுமா என்பதுதான் பாக்கி.

அரசு மருத்துவமனை என்றால் நம் பக்கத்துக்கு பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி. தெற்கே தள்ளி இருப்பவர்களுக்கு சென்ட்ரல் எதிரில் ஜி.எச். வைத்தியத்துக்குப் பணம் இல்லை. பெண்களுக்கு சாதாரணப் பேருந்தில் டிக்கெட்டும் இல்லை. ஆனால் எண்ணூரிலிருந்தோ மணலியிலிருந்தோ காலையில் கிளம்பி, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, லைட்டுக்குள் சில நிமிஷம் நின்றுவிட்டு வீடு திரும்ப அரை நாள் போய்விடும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது பாதிச் சம்பளம். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு நிற்கும் அக்காக்களுக்கோ இந்த நேரம் தோதானது. ஏலம் முடிந்து வியாபாரம் ஓய்ந்ததும் ராயபுரம் வழியாக நடந்தேகூட வந்துவிடலாம். முதல் நாளே மூன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: லைட்டுக்கு எந்தக் கிழமைகள், ஒவ்வொரு முறையும் ஓ.பி. சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டுமா அல்லது நேராக லைட் அறைக்குப் போகலாமா, மிஷின் இப்போது ஓடுகிறதா. மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தனியார் கிளினிக்கில் மாலையில் வேலை முடிந்து போகலாம், பத்து நிமிஷத்தில் திரும்பலாம். ஒரு முறைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வாரம் இரண்டு முறைக்கு வருஷம் 31,200 ரூபாய், மருந்து தனி. இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே போட்டுவிட வேண்டும். இரண்டு மாதம் தனியாரில் எடுத்து, கையில் காசு தீர்ந்து, நான்கு மாதம் இடைவெளி விட்டு ஸ்டான்லிக்குப் போகிறவர்கள் மறுபடி முதல் நொடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காசு இருக்கிற வரைக்கும் தனியார் என்பது திட்டமே ஆகாது.

வீட்டில் கையில் பிடித்துக் காட்டும் சிறிய யு.வி.பி. விளக்கும் கிடைக்கிறது. இங்கிலாந்தில் இதைத் தனியாகச் சோதித்துப் பார்த்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பது மாதத்தில் திட்டு கண்ணுக்கு நன்றாகக் குறைந்துவிட்டது என்று சொன்னவர்கள் ஸ்டீராய்டு களிம்பு மட்டும் போட்டவர்களில் 17 சதவீதம், கை விளக்கு மட்டும் பயன்படுத்தியவர்களில் 22, இரண்டும் சேர்த்தவர்களில் 27. பிரமாதம் என்று சொல்லிவிட முடியாது. சேர்த்துச் செய்வது மேல் என்பது மட்டும் புரிகிறது. நாலைந்து சின்னத் திட்டு உள்ளவருக்கும், பள்ளிக்கு லீவு போட முடியாத பிள்ளைக்கும் இது நல்ல வழி என்பேன். உடம்பு முழுக்கப் பரவியவருக்குக் கைதான் வலிக்கும். எவ்வளவு நொடி, எப்படி ஏற்றுவது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள் இல்லாமல் வாங்கவே கூடாது, கண்ணுக்குப் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி கட்டாயம். இன்னொன்று: கொரோனா காலத்தில் கிருமி கொல்ல விற்ற யு.வி. விளக்குகள் இன்னமும் ஆன்லைனில் ஓடுகின்றன. அது வேறு ரகம், தோலையும் கண்ணையும் பொசுக்கும்.

கடைசியாக மாடி வெயில். தோலை வெயிலுக்குக் கூசவைக்கும் சோராலன் என்ற மருந்தைப் பூசியோ விழுங்கியோ வெயிலில் நிற்கும் பழைய முறை இது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியில் இருப்பதும் இதே சோராலன்தான். ஆக அந்த வைத்தியத்தில் சரக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிற சரக்கை அளக்க வழியில்லை என்பதுதான் பிரச்சினை. சென்னை வெயிலில் ஐந்து நிமிஷம் கூடினால் போதும், தண்ணீர் கோத்த கொப்புளத்தோடு கடைக்கு வருவார்கள். கொப்புளம் ஆறும் இடமே புதுத் திட்டாகவும் மாறலாம். மாத்திரையாக விழுங்கினால் அன்றைக்கு நாள் முழுக்கக் கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும், குமட்டலும் உண்டு. இது போக, முதுகிலும் தொடையிலும் திட்டு உள்ள பெண் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் பொது மாடியில் எங்கே போய் நிற்பது? அந்த யோசனையைச் சொல்பவர்கள் அந்த மாடிக்கு ஏறிப் பார்த்ததில்லை. லைட் அறைக்குப் போக வாய்ப்புள்ள யாருக்கும் நான் மாடி வெயிலைச் சொல்வதில்லை.

களிம்பும் மாத்திரையும்

சின்னதாக, முகத்தில் மட்டும் இருந்தால் களிம்பிலேயே தொடங்கலாம். இங்கே இரண்டு ஜாதி. ஸ்டீராய்டு களிம்பு மலிவு, வேகம். ஆனால் தோலை மெலிய வைக்கும், அக்குளிலும் தொடையிடுக்கிலும் அழியாத வரிகள் விழும், கண்ணோரம் நாள்பட்டுப் போட்டால் கண்ணழுத்தம் ஏறும். ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு விலை கூடுதல், ஒரு சின்ன ட்யூபே சில நூறு ரூபாய். முதல் வாரம் எரியும். ஆனால் தோல் மெலியாது. முகம், கழுத்து, கண்ணிமை என்றால் டாக்ரோலிமஸ்தான் என் தேர்வு. கை, கால், முதுகுக்கு மருத்துவர் சொல்லும் காலக்கெடுவில் ஸ்டீராய்டு, இடையிடையே நிறுத்தி.

காலக்கெடு என்ற வார்த்தையை அழுத்திச் சொல்கிறேன். கழுத்து வரை பிதுக்கிச் சுருட்டிய காலி ட்யூபைக் கவுன்டரில் வைத்து, "அண்ணே, இதே குடுங்க" என்பார்கள். சீட்டு கேட்டால் மடித்து மடித்துக் கிழிந்த தாள் வரும், தேதி பார்த்தால் எந்தக் காலத்திலோ எழுதியது. பலமான ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. கேட்டால் கொடுத்துவிடும் கடைகள் இருக்கின்றன, அது எங்கள் தொழிலின் வெட்கக்கேடு.

மாத்திரை, வேகமாகப் பரவுகிறவர்களுக்கு. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் குறைந்த அளவு ஸ்டீராய்டு சாப்பிடும் 'மினி பல்ஸ்' முறை நம் நாட்டில் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பரவலை நிறுத்துவதில் நன்றாக வேலை செய்யும், சில மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறத்தைத் திருப்ப அதை நம்பக் கூடாது, அதற்கு லைட் கூடவே போக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

புது மருந்துகளில் பேச்சு அதிகம் ஜாக் தடுப்பான்களைப் பற்றி, அதாவது நிறமி செல்லைத் தாக்கச் சொல்லும் எதிர்ப்புச் சக்தியின் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றி. ருக்சோலிட்டினிப் களிம்புக்கு அமெரிக்காவில் 2022 ஜூலையில் அனுமதி கிடைத்தது. வெண்புள்ளியில் நிறத்தைத் திருப்பவென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். ஆறு மாதத்தில் முகத்தில் முக்கால்வாசி தேறியவர்கள் சுமார் 30 சதவீதம், மருந்து கலக்காத களிம்பு போட்டவர்களில் சுமார் 10 சதவீதம். அங்கே ஒரு ட்யூபின் விலை நம் ஊரில் ஒரு பைக் விலை. இந்தியாவில் மருத்துவர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த, விலை மலிந்த டோஃபாசிட்டினிப்பை எழுதுகிறார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து என்பதால் மாத்திரை தொடங்கும் முன் டி.பி., கல்லீரல் பரிசோதனைகள் அவசியம். நெருக்கமான வீடுகளில் வாழும் நம் பக்கத்தில் டி.பி. பரிசோதனையை யாரும் சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது. களிம்பும் லைட்டும் ஒழுங்காகச் செய்து பார்க்காதவருக்கு இது முதல் படி ஆகாது என்பது என் அபிப்பிராயம்.

அறுவை சிகிச்சைக்குக் கதவு ஒன்றுதான்: ஒரு வருஷமாவது புதுத் திட்டு வராமல், பழையது வளராமல் இருக்க வேண்டும். தொடையிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ நல்ல தோலை, அல்லது அதன் செல்களை எடுத்துப் பதிப்பார்கள். உதட்டுக்கும், உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும் வகைக்கும் இது களிம்பையும் லைட்டையும்விட மேல். நோய் அடங்காதவர் செய்துகொண்டால் தோல் எடுத்த இடமும் வெளுத்து நஷ்டம் இரட்டிப்பாகும்.

சித்த, ஆயுர்வேத மருந்து எடுப்பவர்களை நான் தடுப்பதில்லை. அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவ மருத்துவமனையே இருக்கிறது, போகிறவர் அங்கே போகலாம். லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் பஸ்பம், செந்தூரம் வேண்டாம், கிட்னி போன பிறகு யாரைக் கேட்பது? ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் உருவாக்கிய லுகோஸ்கின் மூலிகை மருந்தைச் செய்தியில் பார்த்துக் கேட்டு வருகிறார்கள். அரசு ஆய்வகத்தின் பெயர் இருப்பதாலேயே அது லைட்டுக்கு மாற்று ஆகிவிடாது.

பத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. புளிப்பை நிறுத்து, கருவாட்டை நிறுத்து என்பதும் அப்படித்தான். மீன் விற்கும் ஒரு அக்காவிடம் யாரோ மீனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். "மீன நிறுத்திட்டு நான் இன்னாத்த துண்றது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றேன், அன்றைக்குத்தான் சிரித்தார்.

எதுவுமே செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். திட்டு நின்றுவிட்டது, மனசும் பழகிவிட்டது என்றால் வெயிலில் அந்த இடம் பொசுங்காமல் சன்ஸ்கிரீன் போதும். கல்யாணம், இன்டர்வியூ என்று மறைக்க வேண்டிய நாளுக்குத் தோல் நிறப் பூச்சு இருக்கிறது. சில நாள் நிற்கிற சாயமும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் சரியாகிவிட வேண்டும் என்று மூன்று மாதக் கெடுவோடு வரும் பெற்றோரிடம் நான் சொல்வது, மாப்பிள்ளை வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்பதுதான். எந்த மருந்தும் முகூர்த்த நாள் பார்த்து வேலை செய்யாது. உடம்பில் பெரும்பகுதி வெளுத்துவிட்டவர்களுக்கு மிச்ச நிறத்தையும் எடுத்துவிடும் மோனோபென்சோன் களிம்பு உண்டு. அப்படிப் போன நிறத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம், வாழ்நாள் முழுக்க வெயிலுக்குப் பயப்பட வேண்டும்.

ஆக என் தேர்வுகள் இப்படி. முகத்தில் மட்டும் சின்னத் திட்டு, பரவவில்லை என்றால் டாக்ரோலிமஸ், மூன்று மாதம் பார்த்துவிட்டு லைட்டைச் சேர்ப்பது. உடம்பில் பல இடம், மெதுவாகப் பரவுகிறது என்றால் லைட்டும் களிம்பும், அதுவும் வாரம் இரண்டு நாளுக்கு வீட்டில் ஒப்புக்கொண்ட பிறகு. விறுவிறுவென்று பரவினால் இந்த வாரமே தோல் மருத்துவர், மினி பல்ஸ் பற்றிப் பேச. ஒரு பக்கத்துப் பட்டை ஒரு வருஷமாக அசையவில்லை என்றால் லைட்டில் காலம் கடத்தாமல் அறுவை சிகிச்சை செய்யும் இடத்தில் ஒரு அபிப்பிராயம்.

நிறம் திரும்பிய பிறகு எல்லாரும் செய்வது சிகிச்சையை மொத்தமாக நிறுத்திவிடுவது. 2015-ல் பிரான்சில் நிறம் திரும்பியவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்து கலக்காத களிம்பு போட்டவர்களில் ஆறு மாதத்துக்குள் 40 சதவீதம் பேருக்கு வெள்ளை திரும்ப வந்தது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் டாக்ரோலிமஸ் தடவி வந்தவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. வாரம் இரண்டு முறை என்றால் ஒரு ட்யூப் ரொம்ப நாள் வரும். சரியாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லும் அன்றைக்கே இந்த இரண்டு நாள் களிம்பைப் பற்றிக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டோடு வந்தால் நானும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பேன்.